ஈரக் கரண்டியும் எட்டு மணி நேரமும்

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்கி முப்பது வருடம் ஆகிறது. மாவு, தயிர், நெய், பொடி என்று வீட்டில் செய்யும் எதைப் பற்றியும் கேட்கலாம் என்றேன். வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். இருக்கட்டும், கேட்டவரின் ஊர்ப் பெயரை முன்னால் போட்டு ஒவ்வொன்றாக வருகிறேன்.

பாயான் லெப்பாஸ்: அக்கா, இரவு கரைத்து வைக்கும் மாவு காலையில் வாயில் வைக்க முடியாத புளிப்பு. தமிழ்நாட்டிலிருக்கும் மாமியார் சொன்னபடி பன்னிரண்டு மணி நேரம் வைக்கிறேன்.

உங்கள் மாமியார் மார்கழியில் சொன்ன கணக்காக இருக்கும். எங்கள் அடுக்குமாடிச் சமையலறை நடு இரவிலும் 28 டிகிரியில் நிற்கிறது. இந்த ஊரில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். மாவை முதலில் பொங்க வைப்பது லியூகோநாஸ்டாக் என்ற நுண்ணுயிர். உளுந்தோடும் அரிசியோடும் வருவது, கடையில் வாங்க வேண்டியதில்லை. அது விடும் காற்றை உளுந்தின் பசை பிடித்து வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகும் வெளியிலேயே வைத்தால் புளிப்புதான் ஏறும், பொங்கியதும் அமுங்கிவிடும். ஆகவே மாலை ஆறு மணிக்கு அரைக்காதீர்கள். பத்து மணிக்கு அரையுங்கள், விடியற்காலையில் எழுந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள்.

என் அளவு நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். உளுந்தைத் தனியாக, குளிர்ந்த தண்ணீர் தெளித்து அரையுங்கள். அரைத்ததில் ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்து ஒரு குவளைத் தண்ணீரில் போடுங்கள். பஞ்சு போல மிதந்தால் எடுக்கலாம். முங்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும்.

ஜெலுத்தோங்: பெட்டிப் பாலில் தயிர் உறையுமா?

நன்றாக உறையும். நீண்ட நாள் கெடாத பெட்டிப் பாலை 135 டிகிரிக்கு மேல் சூடாக்கித்தான் அடைக்கிறார்கள், மறுபடி காய்ச்ச வேண்டாம். விரல் பொறுக்கும் சூடு வரட்டும், அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உறை மோர் விட்டுக் கலக்கி, அசைக்காமல் விடுங்கள். பால்காரரிடம் வாங்கும் பால் என்றால் கட்டாயம் பொங்கக் காய்ச்ச வேண்டும். இதில் பேச்சே கிடையாது.

உறைக்குக் கடைத் தயிர் வாங்கினால் சர்க்கரையும் பழமும் சேராததாகப் பாருங்கள். தயிர் நூல் நூலாக இழுக்கிறது என்றால் உறை கெட்டுவிட்டது. கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். எடுக்கும் கரண்டி காய்ந்திருக்கட்டும். ஈரக் கரண்டியால் கெட்ட தயிரும் ஊறுகாயும் இந்தத் தீவில் எத்தனை சட்டி என்று கணக்குப் போட்டால் கண்ணீர் வரும்.

தானா ராத்தா: எங்களுக்கு நேர்மாறு. காலை பத்து மணிக்கும் மாவு செங்கல்லாக இருக்கிறது.

கேமரன் மலையில் இரவு குளிருக்கு மாவு என்ன செய்யும், பாவம். விளக்கை மட்டும் எரியவிட்ட அடுப்புப் பெட்டிக்குள் (ஓவன்) வையுங்கள், அல்லது பெரிய பாத்திர வெந்நீருக்குள் மாவுச் சட்டியை இறக்கி மூடுங்கள். உப்பை மாவு பொங்கிய பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈப்போ: அதைத்தான் நானும் சொல்கிறேன். உப்பு நுண்ணுயிரைக் கொன்றுவிடும். யாரும் முதலில் போடக் கூடாது.

பட்டர்வொர்த்: ஈப்போ அண்ணன் சொல்வது தவறு. என் அம்மா உப்புப் போட்டுக் கையால் கலக்கித்தான் வைப்பார். ஒரு நாளும் பொங்காமல் போனதில்லை.

ஈப்போ: அது கையின் சூட்டால் பொங்கியது.

பிறை: கல் உப்புப் போட்டால் பொங்கும், தூள் உப்புப் போட்டால் பொங்காது!

போதும். நெய்யைப் பற்றிக் கேட்ட பெண்மணி ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறார்.

உப்பு கொல்வதில்லை, வேகத்தைக் குறைக்கிறது. இரண்டு சதவீத உப்பில்தான் முட்டைக்கோஸ் ஊறிப் புளிக்கிறது, கொரியர்கள் கிம்ச்சியும் உப்பில்தான் போடுகிறார்கள். அதிலும் வேலை செய்வது இதே கூட்டத்து நுண்ணுயிர்தான். நாம் மாவில் போடும் உப்பு அதைவிடக் குறைவு. அதனால் பட்டர்வொர்த் வெயிலில் முதலிலேயே உப்புப் போடுவது நல்லது, புளிப்பு ஓடாமல் பிடித்து வைக்கும். மலையில் அந்த வேகக் குறைவு நமக்கு ஆகாது, அதனால் பிறகு. இரண்டு முறையும் அந்தந்த ஊருக்குச் சரிதான். கையால் கலக்குவது மாவும் உப்பும் நன்றாகச் சேருவதற்கு. கையில் மந்திரம் இல்லை, அண்ணன். பிறைக்காரருக்கு: உப்பின் அளவைப் பாருங்கள். கல் உப்பு ஒரு கரண்டியும் தூள் உப்பு ஒரு கரண்டியும் எடை ஒன்றல்ல, தூள் கூடுதலாக விழும்.

செந்தூல்: 250 கிராம் வெண்ணெய் உருக்கினால் எவ்வளவு நெய் வரும்?

மன்னிக்க வேண்டும், தாமதமாகிவிட்டது. வெண்ணெயில் ஏறக்குறைய எண்பது சதவீதம்தான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். 200 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். உப்பில்லாத வெண்ணெய் வாங்குங்கள், சிறு தீயில் வையுங்கள். முதலில் சடசடவென்று சத்தம் போடும், அது தண்ணீர் போகும் சத்தம். சத்தம் அடங்கி, அடியில் படிந்தது பொன்னிறமாகி, வாசனை கூடத்துக்கு வரும்போது ஒரு கொத்து முருங்கைக் கீரையைப் போட்டு அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு நிமிடம் நின்றாலும் கருகும். வடிகட்டும் போத்தலில் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. ஆம், மறுபடியும்.

புக்கிட் மெர்தாஜாம்: மாவு எத்தனை மணி நேரம் புளிக்க வேண்டும்?

மேலே.

பிரிக்பீல்ட்ஸ்: பூண்டை உரித்து எண்ணெயில் போட்டு அலமாரியில் வைத்தால் ஒரு மாதம் இருக்குமா?

வேண்டாம். மண்ணிலிருந்து வரும் போட்டுலிசம் கிருமி காற்றில்லாத எண்ணெய்க்குள் பச்சைப் பூண்டில் வளரும், நஞ்சு உண்டாக்கும். மணமோ நிறமோ மாறாது, கண்டுபிடிக்க முடியாது. குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள்.

நிபோங் திபால்: எட்டு மாதக் குழந்தைக்கு வீட்டுக் கஞ்சியில் தேன் விடலாமா?

ஒரு வயது வரை தேன் கூடாது, அதே கிருமி காரணம். மற்றதை அரசாங்கக் கிளினிக்கில் தாதியரிடம் கேளுங்கள். நான் மாவுக்காரி.

கிள்ளான்: தரை துடைக்க வினிகரும் சமையல் சோடாவும் கலந்து போத்தலில் வைக்கலாமா? பிளீச்சும் கொஞ்சம் சேர்த்தால்?

முதலிரண்டும் கலந்தால் நுரை வந்து ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு உப்புத் தண்ணீர் போல ஒன்றாகிவிடும், மூடினால் போத்தல் வெடிக்கும். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். பிளீச்சோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது ஆளைச் சாய்த்துவிடும். சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

கெப்போங்: அரிசியில் வண்டு.

பொட்டலத்தோடு நான்கு நாள் உறைபெட்டியில். பிறகு வெளியே எடுத்து, பொட்டலம் வியர்த்து உலர்ந்த பின் காய்ந்த டப்பாவில்.

பட்டர்வொர்த்: மறுபடி நான்தான் அக்கா. உப்புச் சண்டை முடிந்ததா? உங்கள் மாவை இங்கே கொண்டுவந்து தருவீர்களா?

ஒரு முறை முயன்றேன். ஃபெர்ரியில் ஏறும்போது டப்பாவில் முக்கால் இருந்தது. பட்டர்வொர்த்தில் இறங்கும்போது மூடி கழன்று, பையின் அடியில் அரை கிலோ மாவு, என் சேலை முந்தானையில் மீதி. நீங்களே வாருங்கள். பாத்திரம் கொண்டு வாருங்கள், கழுவித் துடைத்துக் காயவைத்தது.