பிளஸ் பவருக்கு லென்ஸ் வைத்தால் இருபது வருடம் கழித்து எப்படி இருக்கும்?

“வயது 46. இரண்டு கண்ணிலும் +5. கண்ணாடியைக் கழற்றினால் தூரமும் தெரியாது, கிட்டவும் தெரியாது. புரை இல்லை, ஆனாலும் லென்ஸை மாற்றிவிடலாம் என்கிறார் டாக்டர். வைக்கிற லென்ஸ் எத்தனை வருடம் தாங்கும்? திரும்ப மாற்ற வேண்டி வருமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சின்ன வயதில் கண்ணாடி போடாததால் இடது கண் கொஞ்சம் மந்தம் என்றும் எழுதியிருக்கிறார்.

லென்ஸ் தாங்கும். போர் விமானத்தின் அக்ரிலிக் மூடி உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் போன சில்லுகள் உறுத்தாமல் கிடந்ததைக் கவனித்துத்தான் லண்டன் டாக்டர் ஹரால்ட் ரிட்லி 1949இல் முதல் லென்ஸை வைத்தார். இன்றைக்கு வைப்பதில் பெரும்பாலானவையும் அக்ரிலிக் குடும்பம்தான். காலாவதித் தேதி பார்த்து மாற்றுகிற சாமான் இல்லை அது. மிகச் சிலருக்குப் பல வருடம் கழித்து, லென்ஸைத் தாங்குகிற நார்கள் தளர்ந்து அது நகர்வதுண்டு. அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது.

என் கவலை லென்ஸைப் பற்றி அல்ல, உங்கள் கண்ணின் அளவைப் பற்றி. சராசரி கண் முன்னிருந்து பின்வரை 23.5 மி.மீ. இருக்கும், +5 என்றால் பெரும்பாலும் 22க்குக் கீழே. கண் சின்னது, ஆனால் உள்ளே இருக்கிற இயற்கை லென்ஸ் அதற்கேற்பச் சின்னதாக இருப்பதில்லை, போதாக்குறைக்கு வயது ஏற ஏறத் தடித்துக்கொண்டே போகும், அதனால் முன்பக்கம் இடம் நெருக்கடி. இயற்கை லென்ஸை எடுக்காமல் அதற்கு முன்னால் இன்னொன்றைச் செருகுகிற ‘ஐசிஎல்’ முறையை உங்களுக்கு நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான். வருடங்கள் போகப் போக நெருக்கடி கூடி, கருவிழியின் உள்செல்கள் குறையலாம் (போனால் திரும்ப வளராது), புரை சீக்கிரம் வரலாம், கண் அழுத்தம் ஏறலாம். இடம் தாராளமாக இருக்கிற இளவயதுக்காரர் என்றால் பேச்சு வேறு.

உங்கள் டாக்டர் சொல்வது இயற்கை லென்ஸையே எடுத்துவிட்டு மாற்று வைப்பது. 46 வயதில் வெள்ளெழுத்து ஏற்கெனவே வந்திருக்கும், அதனால் பெரிதாக எதையும் இழக்கப்போவதில்லை. தடித்த லென்ஸ் போனதும் முன்பக்கம் விசாலமாகிறது, கண்ணின் நீர் வடியும் கோணம் அடைபடுவதால் வரும் குளுக்கோமாவுக்கான (கண் அழுத்த நோய்) வாய்ப்பு குறைகிறது, பிற்காலத்தில் புரை என்ற பேச்சும் இல்லை. விழித்திரை பிய்ந்துகொள்ளும் பயம் மைனஸ் பவர்காரர்களுக்குத்தான் அதிகம். சில மாதமோ சில வருடமோ கழித்து லென்ஸின் பின்சவ்வு மங்கினால் பயப்படாதீர்கள், ஓ.பி.யிலேயே சில நிமிட யாக் லேசர், வழக்கமாக ஒரு தடவையோடு சரி.

சிக்கல் கணக்கில் வரும். சராசரி கண்ணுக்கு 21 பவர் லென்ஸ் போதும் என்றால் உங்களுக்கு 28, 30 கூடத் தேவைப்படலாம். அவ்வளவு பவருள்ள லென்ஸ் நினைத்த இடத்திலிருந்து அரை மி.மீ. தள்ளி உட்கார்ந்தாலே கண்ணாடி பவர் மிச்சம் நிற்கும். அதனால் ‘இனி கண்ணாடியே வேண்டாம்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

தூரம், கிட்ட இரண்டும் தெரிய வளையம் வளையமாகச் செய்த மல்டிஃபோகல் லென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பிளஸ் கண்ணில் கண்மணியின் நடுவும் பார்வைக் கோடும் ஒன்றாக இல்லாமல் விலகி நிற்பது சகஜம், அப்போது அந்த வளையங்கள் சரியாகப் பொருந்தாது. ராத்திரி பைக்கில் வரும்போது எதிர் ஹெட்லைட்டைச் சுற்றி வட்ட வட்டமாகத் தெரிகிறது என்று திரும்பி வருபவர்கள் உண்டு. உங்கள் மந்தமான இடது கண்ணுக்கு அதை நான் வைக்க மாட்டேன். எந்த லென்ஸ் வைத்தாலும் அந்த மந்தம் போகாது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்கேன் தாளைக் கையில் வாங்கி கண் நீளம், முன்னறை (கருவிழிக்கும் லென்ஸுக்கும் நடுவே உள்ள இடம்) ஆழம், கருவிழியின் உள்செல் எண்ணிக்கை மூன்றையும் டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், இரண்டு கண்ணையும் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்றால் அவசரப்படாதீர்கள். முதல் கண்ணில் எவ்வளவு பவர் மிஞ்சியது என்று சில வாரம் கழித்துப் பார்த்தால், இரண்டாவது கண்ணின் கணக்கை அதை வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.