"தானாக விழுந்தார்" என்று ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டார்கள். இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஷிஃப்ட் சம்பளம், மாதம் 18,000 ரூபாய் அளவில் வரும். இ.எஸ்.ஐ. கிடையாது. மூன்று வாரங்களுக்கு முன் இரவு வேலை முடிந்து பைக்கில் வந்தபோது ஒரு கார் இடித்து வலது கால் முறிந்தது, பிளேட் வைத்திருக்கிறார்கள். கார்க்காரரே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஜிபேயில் 10,000 ரூபாய் அனுப்பி, "போலீஸ் வேண்டாம், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவர் சொன்னபடி, வண்டியிலிருந்து தானாக விழுந்ததாக டாக்டரிடம் சொல்லிவிட்டோம். இப்போது அவர் போனை எடுப்பதில்லை. இனி வழக்குப் போட வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் காவல் நிலையத்துக்கு நாளைக்கே போங்கள். அவர் போனை எடுப்பார் என்று காத்திருந்தது போதும்.

உங்கள் வழக்கு நொண்டுவது ஏ.ஆர். காப்பியில்தான். அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேடு அது. எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி அடிபட்டது, அழைத்து வந்தவர் யார் என்றெல்லாம் அதில் இருக்கும். அடிபட்டவர் வலியில் முனகிக்கொண்டிருப்பார். பக்கத்தில் நிற்பவர் சொல்வது ஏட்டில் ஏறிவிடும். விபத்து நடந்த கையோடு சொன்னது என்பதால், இழப்பீட்டை முடிவு செய்யும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் அதற்கு மிகுந்த மதிப்புக் கொடுக்கும். தானாக விழுந்தவருக்கு எங்கிருந்தோ ஒரு வாகனத்தைக் கொண்டுவந்து காட்டி வழக்குப் போடும் கும்பல்கள் நம் ஊரில் உண்டு. போலி வழக்குகளை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அது முற்றிப்போனது. அவர்கள் செய்த வினைக்கு உங்கள் தம்பியும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்காக அந்தப் பதிவைத் திருத்தித் தரச் சொல்லி ஆஸ்பத்திரியில் கெஞ்சாதீர்கள். திருத்திய ஏடு தவறான ஏட்டைவிட மோசம். புகாரிலேயே உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: டாக்டரிடம் பேசியது யார், கார்க்காரர் என்ன வாக்குக் கொடுத்தார், எந்தத் தேதியிலிருந்து போனை எடுக்கவில்லை. தாமதத்துக்கும் அதுவே விளக்கம். ஒரு சிறுவன் மீது லாரி மோதிய வழக்கில், மூன்று மாதம் கழித்துத்தான் முதல் தகவல் அறிக்கை பதிவானது. அந்த ஒரு காரணத்துக்காக விபத்தைச் சந்தேகிக்கக் கூடாது, வீட்டார் முதலில் சிகிச்சையைத்தான் கவனிப்பார்கள் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை வேண்டும். மறுத்தால் மாநகரக் காவல் ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

உங்களுக்குச் சாதகமான ஆதாரத்தைக் கார்க்காரரே அனுப்பிவைத்திருக்கிறார். முன்பின் தெரியாதவருக்கு ஒரு மனிதர் இரவோடு இரவாக 10,000 ரூபாய் ஏன் அனுப்ப வேண்டும்? அந்தப் பரிவர்த்தனையை வங்கிக் கணக்கு அறிக்கையோடு எடுத்து வையுங்கள். அவருடன் பேசிய அழைப்புகள், வாட்ஸ்அப் செய்திகள் இருக்கும் போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். ஏ.ஆர். காப்பியில் அழைத்து வந்தவர் என்று அவர் பெயர் இருந்தால் இன்னும் நல்லது. சாலையோரக் கடைகளின் சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். கடைப் பெயரைக் குறிப்பிட்டு, பதிவை உடனே கைப்பற்றும்படி புகாரிலேயே கேளுங்கள். பைக்கை மெக்கானிக்கிடம் விட்டுவிடாதீர்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும்வரை அது இடிபட்டபடியே நிற்கட்டும்.

விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வரம்பு இது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். அதை நம்பி நீங்கள் நாள் கடத்த வேண்டாம். திருப்பூரில் வசிப்பதால் அங்கேயே மனு போடலாம்.

தொகை எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஆவணங்கள் சேர்ப்பதில் அலட்சியம் வருவது இங்கேதான். நிரந்தர ஊனம் தொழிலைப் பாதிக்காது என்று தீர்ப்பாயம் நினைத்தால், ஒரு சதவீதத்துக்குச் சில ஆயிரம் என்று கணக்குப் போட்டு முடித்துவிடும். பாதிக்கும் என்று காட்டினால் கணக்கே வேறு. மாதம் 18,000, 40 வயதுக்குக் கீழ் என்பதால் வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 25,200. ஆண்டுக்கு 3,02,400. அந்த ஆண்டு வருமானத்தைப் பெருக்க அவர் வயதுக்குரிய எண் 16. சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போனது என்று நிரூபித்தால், அந்தத் தலைப்பில் மட்டும் 9,67,680 ரூபாய். சிகிச்சைச் செலவு, வலிக்கான தொகை எல்லாம் தனி.

ஆகவே இரண்டு தாள்கள் முக்கியம். சம்பளச் சீட்டோ, கம்பெனியின் கூலிப் பதிவேட்டு நகலோ, வங்கியில் சம்பளம் ஏறிய பதிவோ ஒன்று. தையல் மெஷினின் பெடலை மிதிக்கும் கால் அதே வலது கால்தான் என்பதைச் சொல்லும் மேற்பார்வையாளரின் கடிதம் மற்றொன்று. அவர் சாட்சி சொல்லவும் தயாராக இருக்க வேண்டும். நிரந்தர ஊனச் சான்றிதழை மருத்துவ வாரியத்திடம் வாங்கச் சிகிச்சை முடியும்வரை பொறுங்கள். பிளேட்டை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டுமென்றால், அதன் செலவை டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள்.

போலீஸ் விசாரணை தொடங்கியதும் கார்க்காரர் மறுபடி போன் செய்வார், அனுபவத்தில் சொல்கிறேன். "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளிலோ, வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போட வேண்டாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசுவது நல்ல வழிதான். ஆனால் அங்கே முடித்தால் மேல்முறையீடு இல்லை என்பதால், கால் எந்த அளவுக்குக் குணமாகும் என்று தெரிந்த பிறகு பேசுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் "இத்தனை சதவீதம் கொடுங்கள், முடித்துத் தருகிறேன்" என்று வருபவரிடம் அசல் ஆவணங்களைக் கொடுத்துவிடாதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசி வழக்கு நடத்துவது வழக்கறிஞர்களுக்கே விதிப்படி கூடாது.

தம்பியிடம் லைசென்ஸ் இருந்ததா, ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. லைசென்ஸ் இல்லை என்பதாலேயே விபத்தில் அவர் மீதும் தவறு என்று ஆகிவிடாது. ஹெல்மெட்டுக்கும் கால் முறிவுக்கும் சம்பந்தம் இல்லை. இல்லையென்றால் இல்லை என்றே புகாரிலும் சாட்சியத்திலும் சொல்லட்டும்.