குரல் கேட்கும் மகனும் துப்பிய மாத்திரையும்

தேவகோட்டை ஆச்சிக்கு வணக்கம். மருத்துவமனையிலிருந்து திரும்பிய மகன் வளவுத் தூணருகே அமர்ந்து யாருடனோ பேசுவதாகவும், மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கித் துப்பிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். மனநலப் பிரிவில் செவிலியராக நான் கண்டவரை, "அப்படிக் குரலே இல்லை" என்று வாதிடுவதைவிட, "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்குப் பயமாக இருக்கும் என்று புரிகிறது" என்று அருகில் அமர்ந்து சொல்வதே அவருக்கு ஆறுதல் தரும். துப்புவதற்குக் கைநடுக்கம், உடல் விறைப்பு போன்ற பக்கவிளைவுகளும் காரணமாகலாம் என்பதால், அதட்டாமல் கேட்டறிந்து மருத்துவரிடம் சொன்னால், அளவை மாற்றவோ மாதமொருமுறை போடும் ஊசியைப் பரிசீலிக்கவோ வழியுண்டு. உணவில் மறைத்துக் கொடுக்காதீர்கள். தெரியவந்தால் உங்கள் கைச்சோற்றையே மறுப்பார். உயிரை மாய்த்துக்கொள்ளக் குரல் சொல்வதாகக் கூறினால், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவெல்லாம் நீங்களும் உறங்குவதில்லை என்றது என்னை மிகவும் வருத்துகிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். உங்கள் களைப்பையும் அவர்களிடம் சொல்லுங்கள்.