கனவுக்கன்னியைக் கண்ணாரக் காண: வாசகர் கேள்வி பதில்

டி.ஆர்.ராஜகுமாரிக்குப் பிறகு எத்தனையோ அழகிகள் திரைக்கு வந்துவிட்டார்கள். இன்னமும் கனவுக்கன்னி என்றால் அவர் பெயரையே முதலில் சொல்கிறார்களே, ஏன்? (கும்பகோணம் வாசகி)

முதலில் வந்தார் என்பது மட்டும் காரணமல்ல. 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் அவர் தாசி ரம்பா. சாருகேசி ராகத்தில் 'மன்மத லீலையை' பாடுபவர் படத்தின் நாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர். பாட்டு அவருடையது, காட்சி ராஜகுமாரியுடையது. கடைக்கண் பார்வையும் காற்றில் பறக்கவிடும் முத்தமும்தான் ரசிகர்கள் வருஷக்கணக்கில் பேசியவை. நாடக மேடையிலிருந்து வந்த நடிப்பு, கடைசி வரிசைக்கும் எட்டும்படி குரலையும் கையையும் உயர்த்தும். கேமரா பக்கத்தில் இருக்கும்போது அவ்வளவு வேண்டியதில்லை, இமை அசைந்தால் போதும் என்பதை அவர் அறிந்திருந்தார். சந்தேகமிருந்தால் அந்தப் பாட்டை ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

கவர்ச்சி என்ற ஒரே பெட்டியில் அவரை அடைப்பதும் தவறு. 1948-ல் வந்த 'சந்திரலேகா'வில் அவர் இளவரசனை ஏமாற்றி முரசு நடனம் ஆடும் நாயகி. அந்த முரசுகளுக்குள்ளிருந்துதான் வீரர்கள் குதிப்பார்கள். 1954-ல் 'மனோகரா'வில் அதே முகம் வசந்தசேனையாகிப் பயமுறுத்துகிறது. சிவாஜியும் கண்ணாம்பாவும் வசனமாய்க் கொட்டும் படத்தில், அவருடைய புன்னகையே பாதி வேலையை முடித்துவிடுகிறது. நாம் முதலில் பார்க்கச் சொல்வது 'மனோகரா'வைத்தான். அதற்குப் பிறகு 'ஹரிதாஸ்' பார்த்தால் அவர் வீச்சு புரியும்.

அவர் படத் தயாரிப்பும் செய்தாரா? (திருநெல்வேலி வாசகர்)

செய்தார். தம்பி டி.ஆர்.ராமண்ணாவுடன் ஆர்.ஆர்.பிக்சர்ஸ். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி' அவர்களுடையதுதான். தியாகராய நகர் பாண்டி பஜாரில் அவர் பெயரிலேயே ஒரு தியேட்டரும் இருந்தது.

புது டி.வி.யில் பழைய படம் போட்டால் முகம் உப்பித் தெரிகிறது. சில பாட்டுகளில் தலையுச்சியே வெட்டுப்படுகிறது. பிரிண்ட் கோளாறா? (மதுரை வாசகர்)

பெரும்பாலும் டி.வி. அமைப்புக் கோளாறு. அந்தக் காலப் படச்சட்டத்தில் உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய டி.வி.யில் அகலம் 1.78. திரையை நிரப்ப இழுத்தால் முகம் 30 சதவீதம் அகலமாகிவிடும். ராஜகுமாரியின் முகம் இயல்பிலேயே வட்டம், இழுத்தால் கெட்டே போகும். இழுக்காமல் பெரிதாக்கி நிரப்பினாலோ மேலும் கீழுமாக உயரத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும். நெற்றிச் சுட்டியும் காலின் அடவும் காணாமல் போவது இதனால்தான்.

ரிமோட்டில் பிக்சர் சைஸை 4:3 ஆக்குங்கள். இரு ஓரமும் கறுப்பாக இருப்பதே சரி. வீடியோவே இழுத்துப் பதிவாகியிருந்தால் கணினியில் வி.எல்.சி. பிளேயரில் 'ஏ' விசையைத் தட்டித் தட்டி அளவை மாற்றலாம். முழு நிலாவோ நேரே தெரியும் வண்டிச் சக்கரமோ வட்டமாகும்போது நிறுத்துங்கள். வெட்டுப்பட்ட பதிவுக்கு மட்டும் வைத்தியமில்லை, வேறு பதிவைத் தேட வேண்டும்.

இன்னொன்று. பிக்சர் மோடை 'விவிட்'டிலிருந்து 'சினிமா'வுக்கு மாற்றி, ஷார்ப்னெஸைக் குறையுங்கள். பிரிண்டிலிருந்து பிரிண்ட் எடுக்க எடுக்கச் சாம்பல் சாயல்கள் கரைந்து வெள்ளையும் கறுப்பும்தான் மிஞ்சும். கன்னத்தின் வளைவு அந்தச் சாம்பலில்தான் இருக்கிறது. டி.வி.யும் தன் பங்குக்கு அதை அழிக்க வேண்டாமே.

அந்தக் காலத்து நட்சத்திரப் படங்களின் ஒளியை வீட்டில் கொண்டுவர முடியுமா? செல்போன்தான் இருக்கிறது. (கோவை மாணவி)

முடியும். 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு, ஒரு தெர்மாகோல் அட்டை போதும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், அது நிழலையே விழவிடாது.

முதல் பல்பு முகத்துக்கு நேர் எதிரே, மூன்றடி தள்ளி, கண் மட்டத்துக்கு இரண்டரை அடி மேலே இருக்கட்டும். மூக்குக்குக் கீழே பட்டாம்பூச்சி போல ஒரு சின்ன நிழல் விழும். அதுதான் அளவுகோல். நிழல் மேலுதட்டைத் தொட்டால் பல்பு அதிக உயரம், கண்குழிகளும் இருண்டிருக்கும். நிழலே இல்லையென்றால் பல்பு தாழ்ந்துவிட்டது, முகம் தட்டையாகும். கருவிழியில் ஒளிப்பொட்டு தெரிகிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத கண்ணில் உயிர் இருக்காது. தெர்மாகோலை மடியில் படுக்கவைத்தால் தாடைக்கடி இருட்டு இளகும்.

இரண்டாவது பல்பு தலைக்குப் பின்னால், மேலே, படத்தில் தெரியாத இடத்தில். கூந்தல் ஓரத்தில் வெள்ளிக்கோடு வரும். அது மூக்கு நுனியில் விழுந்தால் சற்றுப் பின்னுக்குத் தள்ளுங்கள். லென்ஸில் அடித்தால் அட்டையால் மறையுங்கள். சுவர் ஆறடி பின்னால் இருந்தால் நிழல் அதில் விழாது. செல்போனை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகும். ஐந்தடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் செய்யுங்கள். கலரில் எடுத்துப் பிறகு கறுப்பு வெள்ளையாக்கலாம்.

பாட்டியின் பெட்டியில் பழைய பாட்டுப் புத்தகங்கள் கிடைத்தன. தொட்டால் நொறுங்குகிறது. லேமினேட் செய்யலாமா? (காரைக்குடி வாசகி)

தயவுசெய்து வேண்டாம். லேமினேஷன் சூட்டில் ஒட்டுவது, பிறகு பிரிக்கவே முடியாது. செலோ டேப்பும் கூடாது, அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். துருப்பிடித்த பின்னை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, மடங்கிய பக்கங்களை விரித்து, பாலிப்ரொப்பிலீன் உறையில் ஒவ்வொன்றாக வையுங்கள். பி.வி.சி. உறை நாளடைவில் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். பரண் வேண்டாம், மேலே வெப்பம் அதிகம். படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டு நல்லது. முதலில் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்துவிடுங்கள். அட்டைப்படம் புள்ளிகளால் அச்சானது என்பதால் குறைந்த அளவில் எடுத்தால் அலை அலையாகக் கோடுகள் விழும். புத்தகத்தை முழுதாக விரித்துக் கண்ணாடியில் அழுத்தாதீர்கள், நடுமடிப்பு அங்கேயே உடையும்.