குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு ஓர் அம்மா தனியாக ரெண்டு நாள் ஊர் சுற்றப் போகலாமா? எந்த ஊர் சரியாக இருக்கும்?

போகலாம். ஊர் மைசூர். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர் ஈரோட்டுப் பக்கம் போலிருக்கிறது. ரெண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர் "போய்ட்டு வாயேன்" என்றுதான் சொல்கிறார், ஆனாலும் மனசு ஒப்பவில்லை, அரண்மனை கோட்டை என்றால் பிடிக்கும், ரொம்ப தூரம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். நான் கோபிக்குப் பக்கம். எனக்கும் ரெண்டு, மூத்தவள் எட்டாவது, சின்னவன் நாலாவது. வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம். புழு வளர்க்கிற வீட்டில் லீவு என்றால் பட்டுக்கூடு அறுத்து, புழு வளர்க்கிற மனையைக் கழுவி மருந்தடித்து, அடுத்த புழு வருகிற வரைக்கும் உள்ள அந்த இடைவெளிதான். கூடு கட்டுவதற்கு முந்தின அஞ்சாம் பருவத்தில் புழுக்கள் தழை தின்கிற வேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் சொந்தத் தம்பி கல்யாணமென்றாலும் முகூர்த்தத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு ஓடி வரணும். அதனால் ஒரு கூடு விற்றுக் காசு கைக்கு வந்த வாரத்தில் சனி, ஞாயிறு பார்த்துக் கிளம்பினேன்.

வீட்டில் பெரிய பஞ்சாயத்தெல்லாம் இல்லை. மாமியார் மட்டும் "ஆருகூடப் போற?" என்றார். "ஆருமில்லீங்க அத்தை, நான் மட்டுந்தான்" என்றேன். "அங்க ஆரு இருக்கறா?" "ஆருமில்லீங்க." ஒறம்பரை வீடும் இல்லாமல், விசேஷமும் இல்லாமல், வேண்டுதலும் இல்லாமல் ஒருத்தி எதற்கு ஓர் ஊருக்குப் போகணும் என்பது அவருக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, பண்ணாரில பஸ்ஸு நின்னா உண்டியல்ல போட்டுரு" என்று பத்து ரூபாய் கொடுத்தார். அனுமதி கிடைத்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஏன் மைசூர் என்கிறேன் என்றால், முதல் தடவை தனியாகப் போகிறவளுக்குத் தூரம்தான் பெரிய விஷயம். சத்தியமங்கலத்தில் ஏறினால் பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு வழியாக நாலு நாலரை மணி நேரம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் அன்றைக்கே திரும்பிவிடலாம், அந்தத் தெம்பே போதும். அதே சமயம் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, காரப்பள்ளம் செக்போஸ்ட்டில் கரும்பு லாரிக்குக் காத்து நிற்கிற யானையையும் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் மொழி வேறு, காற்று வேறு, வேறு ஊருக்கு வந்துவிட்டோம் என்று உடம்புக்கே தெரியும். ரயிலும் ஈரோட்டிலிருந்து இருக்கிறது, பெங்களூரைச் சுற்றிக்கொண்டு போகும். பஸ்தான் சரி. ஆனால் பகல் பஸ்ஸில் போங்கள், புலிகள் காப்பகம் என்பதால் திம்பம் பாதையில் ராத்திரி வண்டிகளுக்குத் தடை இருக்கிறது. வளைவில் குமட்டுகிறவர்கள் முன் சீட்டு பிடித்துக்கொள்ளுங்கள், கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கட்டும்.

இன்னொன்று, கர்நாடக அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டுக் கெத்தாக உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த மாநில முகவரி போட்ட அட்டை வைத்திருப்பவர்களுக்குத்தான் அது. என் பக்கத்து சீட்டு அக்கா சும்மா போக, நான் டிக்கெட் வாங்கிப் போனேன். நம்ம டவுன் பஸ்ஸில் ஓசியில் போய்ப் பழகின கைக்கு அது கொஞ்சம் எரிச்சல்தான்.

சரி, அரண்மனைக்கு வருகிறேன். ஏற்கனவே குடும்பத்தோடு போயிருப்பீர்கள். நானும் போயிருக்கிறேன். அப்போது என்ன பார்த்தேன் என்று கேட்டால், சின்னவன் கயிற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போகாமல் பார்த்தேன், செருப்பு டோக்கன் தொலையாமல் பார்த்தேன், மாமனார் உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். தனியாகப் போவதில் ஒரே ஒரு லாபம்தான் இருக்கிறது, அது போதும்: பிடித்த ஒன்றின் முன்னால் கால் வலிக்கிற வரைக்கும் நிற்கலாம், "வாம்மா போலாம்" என்று சேலையை இழுக்க ஆள் இல்லை.

நான் அப்படி நின்றது கல்யாண மண்டபத்தில். எண்கோணக் கூடம், மேலே நிமிர்ந்தால் மயில் மயிலாக வண்ணக் கண்ணாடி, கீழே தரையிலும் மயில். சுவரைச் சுற்றி தசரா ஊர்வலத்தைத் தொடர்ச்சியாக வரைந்து வைத்திருக்கிறார்கள். எல்லோரும் நடந்துகொண்டே அதைக் கடந்து போய்விடுகிறார்கள், கைடுகளும் அம்பாரியைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பக்கத்தில் போய் ஒவ்வொன்றாகப் பாருங்கள். யானை, குதிரை, படைவீரர்கள் எல்லாம் இருக்கட்டும், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைப் பாருங்கள். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு ஊர்வலம் நகர நகர நாமும் கூடவே நடக்கிற மாதிரி இருக்கும். ஒரு முழுச் சுற்று முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். காவலுக்கு நின்ற அம்மா என்னை ரெண்டு தடவை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அரண்மனையைக் கட்ட வைத்ததே ஓர் அம்மாதான் என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது. 1894இல் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார் கல்கத்தா போன இடத்தில் இறந்துபோகிறார். மகனுக்கு அப்போது பத்து வயது. மகன் பெரியவனாகிற வரைக்கும் ராஜ்ஜியத்தைப் பார்த்துக்கொண்டவர் ராணி கெம்பநஞ்சம்மணி, வாணி விலாஸ் சந்நிதானம் என்பார்கள். பெங்களூர் வாணி விலாஸ் ஆஸ்பத்திரி எல்லாம் அவர் பேரில்தான். 1897இல் பெரிய மகளுக்குக் கல்யாணம், அந்தக் கல்யாணத்தின்போதே பழைய மர அரண்மனை தீப்பிடித்து எரிந்துபோகிறது. புருஷன் போய் சில வருஷம்தான், கையில் சின்னப் பையன், வீடு சாம்பல். அந்த அம்மா உட்கார்ந்து அழவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், அழுதிருப்பார். ஆனால் ஹென்றி இர்வினைக் கூப்பிட்டுப் புதிதாக வரையச் சொன்னார். நம்ம சென்னை ஹைகோர்ட் கட்டடத்திலும் கைவைத்த இன்ஜினியர் அவர். 1912இல் வேலை முடிந்தது, செலவு நாற்பத்தொரு லட்சத்துக்கு மேல். நடுவில், 1902இல் அவர் ஆட்சிப் பொறுப்பை மகன் கையில் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், சிவசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அருவிக்கு நாம் டூர் போவோமே, அதே சிவசமுத்திரம்தான். மகன் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் பேரை எல்லோரும் சொல்கிறார்கள், அணைக்கும் அவர் பேர், தெருவுக்கும் அவர் பேர். அம்மா பேரைத் தேடித்தான் படிக்கணும். வழக்கம்தானே.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு மணி வாக்கில் அரண்மனைக்கு விளக்கு போடுவார்கள், கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பு. அதற்காகவே ஞாயிறு ராத்திரி அங்கே தங்குகிற மாதிரி திட்டம் போடுங்கள். கூட்டம் இருக்கும், ஆனால் முக்கால்வாசி குடும்பங்கள்தான், பயமில்லை.

தங்குகிற இடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்னாடியே போன் செய்து, "நான் ஒருத்திதான், பெண், ரூம் உண்டா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். நான் முதலில் கூப்பிட்ட லாட்ஜில் "சிங்கிள் லேடீஸுக்குக் கொடுக்கறதில்லை மேடம்" என்றார்கள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கைப்பை, ஆதார், பணம் எல்லாம் வைத்துக்கொண்டு, நாலு ஏக்கர் பண்ணையத்தை நடத்துகிற பெண்பிள்ளைக்கு ஒரு ராத்திரி படுக்க இடமில்லையாம். அடுத்த இடத்தில் ஒரு கேள்வியும் இல்லாமல் கொடுத்தார்கள். சாயந்தரம் போய் இறங்கி ரூம் தேடுகிற வேலை மட்டும் வேண்டாம். பஸ் ஸ்டாண்டும் அரண்மனையும் நடக்கிற தூரம், அந்த வட்டாரத்திலேயே எடுத்தால் ஆட்டோவே தேவைப்படாது. அரண்மனை வாசலில் "இன்னைக்கு மூடியிருக்கு, வாங்க மார்க்கெட் காட்டறேன்" என்று ஆட்டோக்காரர் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நேராக டிக்கெட் கவுன்ட்டருக்குப் போங்கள். கூட்டிப் போய் நிறுத்துகிற இடம் ஊதுபத்தி, சந்தன எண்ணெய்க் கடையாக இருக்கும். தமிழில் பேசினால் பாதிப் பேருக்குப் புரிகிறது.

சாப்பாடு கவலையே இல்லை. நின்றுகொண்டே சாப்பிடுகிற தர்ஷினிக் கடைகள் நிறைய, அங்கே நாலு பேர் மேசையில் ஒற்றையாக உட்கார்ந்து முழிக்கிற சங்கடம் கிடையாது. மைலாரி தோசை என்று மெத்து மெத்தென்று வெண்ணெய் வைத்துத் தருவார்கள், ஒன்று போதாது. தேவராஜா மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பூ வந்து இறங்குகிற நேரம். 2016இல் அதில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, ஆனாலும் உள்ளே வியாபாரம் நடக்கிறது. குங்குமத்தைக் கலர் கலராகக் கூம்பு மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். வாங்கத்தான் வேண்டும் என்று இல்லை.

நேரமிருந்தால் ஸ்ரீரங்கப்பட்டணம், பதினைந்து கிலோமீட்டர் இருக்கும், பஸ் சும்மா சும்மா வரும். நம்ம பக்கத்துக்காரர்களுக்கு அது வெறும் சுற்றுலா இடம் இல்லை என்று நினைக்கிறேன். 1799 மே 4 அன்று திப்பு அங்கே விழுந்த பிறகுதான் கோயமுத்தூர்ச் சீமை கம்பெனிக்காரன் கைக்குப் போனது. திப்புவோடு சேர்ந்து நின்ற நம்ம தீரன் சின்னமலை ஓடாநிலைக்குத் திரும்பி, அங்கிருந்து சண்டையைத் தொடர்ந்து, 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்குமேடை ஏறியதெல்லாம் அதற்குப் பிறகு. ஆடி பதினெட்டுக்கு வருஷா வருஷம் மாலை போடுகிறோம், ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? தரியா தௌலத் மாளிகைச் சுவரில் 1780 பொள்ளிலூர்ச் சண்டையை வரைந்திருக்கிறார்கள், பொள்ளிலூர் காஞ்சிபுரத்துக்குப் பக்கம். தோற்றுப்போன வெள்ளைக்காரத் தளபதி பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருப்பார், தேடிப் பாருங்கள். கும்பஸ் என்கிற சமாதி மண்டபத்தில் திப்புவுக்குப் பக்கத்தில் அப்பா ஹைதர் அலி மட்டுமல்ல, அம்மாவும் இருக்கிறார், பலபேர் அதைக் கவனிக்காமல் வந்துவிடுகிறார்கள். ரயில் பாதையை இரட்டைப் பாதையாக்க 2017இல் திப்புவின் ஆயுதக் கிடங்கு ஒன்றை இடிக்காமல் அப்படியே பெயர்த்து நூற்று முப்பது மீட்டர் தள்ளி வைத்தார்கள், பொறியியல் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

பட்டுச்சேலை விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. அரண்மனை முடிந்த அதே 1912இல் ஆரம்பித்தது அந்த ஊர்ப் பட்டு ஆலை, இப்போது அரசு நடத்துகிறது. அரசு ஷோரூமில் ஒவ்வொரு சேலைக்கும் தனி எண் உண்டு. முறுக்கேற்றின நூல் என்பதால் கையில் எடுத்தால் தண்ணீர் மாதிரி வழியும். எங்கள் பக்கத்துக் கூடுகள் ராம்நகர் மார்க்கெட்டுக்கும் போகும், அதனால் அந்தச் சேலையைத் தடவிப் பார்த்தபோது, புழு கூடு கட்டுகிற நெட்ரிக்கா தட்டிலிருந்து உதிர்த்து எடுக்கிற கூட்டின் சொரசொரப்பு விரலுக்கு ஞாபகம் வந்தது. விலையைப் பார்த்ததும் வேறு பல ஞாபகங்களும் வந்தன. கூட்டுக்கு எங்களுக்குக் கொடுக்கிற விலைக்கும் அதற்கும் உள்ள தூரம் திம்பம் மலையைவிடப் பெரிது. வாங்கவில்லை. ஆனால் கடைக்காரப் பெண் அஞ்சாறு சேலை பிரித்துக் காட்டினார், நானும் அவசரப்படாமல் பார்த்தேன்.

மனசு ஒப்பவில்லை என்கிறீர்களே, அதற்கு என்னிடம் மருந்தில்லை. முதல் நாள் சாயந்தரம் அரண்மனைக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போன் போட்டேன், மகள் எடுத்தாள். "படம் பாத்துட்டு இருக்கோம்மா, அப்புறம் கூப்பிடட்டா?" என்று வைத்துவிட்டாள். அவர்கள் அப்பா அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, அப்பளம் பொரித்து எல்லோரும் சாப்பிட்டாயிற்றாம், அதை மாமியார்தான் பிறகு சொன்னார். நான் இல்லாமல் ஒரு பொழுது நன்றாகவே போய்விட்டது என்பதில் நிம்மதியும் வந்தது, லேசாகக் கோபமும் வந்தது. ரெண்டும் உங்களுக்கும் வரும்.

தசரா சமயத்திலும் மே மாச லீவிலும் போகாதீர்கள், ரூம் கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். திங்கட்கிழமை காலையிலேயே பஸ் பிடித்தால் மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருக்கலாம்.