செப்டம்பரில் பாதி விலைக்குக் கரீபியன் தேனிலவு: பணம் கட்டலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். மே மாதம் கும்பகோணத்தில் திருமணம் முடிந்தது. மனைவி எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரப்படுவது) இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார். தேனிலவுக்கு டொமினிகன் ரிபப்ளிக்கின் புன்டா கானாவில் ஓர் ஆல்-இன்க்ளூசிவ் ரிசார்ட் பார்த்து வைத்திருக்கிறோம். செப்டம்பரில் ஐந்து இரவுக்குச் சொல்லும் விலை, ஜனவரி விலையில் ஏறக்குறையப் பாதி. மனைவி சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். நான் எப்போதாவது ஒரு பீர், அவ்வளவுதான். இருவருக்கும் நீச்சல் தெரியாது. இருவருக்கும் இந்திய பாஸ்போர்ட். 'எல்லாம் அடக்கம்' என்கிற இந்த ஏற்பாடு எங்களுக்குச் சரிப்பட்டு வருமா? பணம் கட்டுவதற்கு முன் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: திருமண வாழ்த்துகள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏற்பாடு உங்களுக்குப் பொருந்தும், மாதம்தான் பொருந்தாது. செப்டம்பரை விட்டுவிடுங்கள். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக் கூட்டம் கலைந்த பிறகு, டிசம்பர் முதல் இரண்டு வாரத்துக்குள் போய் வாருங்கள்.

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதிலும் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைக்கும்தான் உச்சம். உங்களுக்குப் பாதி விலை சொல்வது அந்த உச்சத்தின் மத்தியில் இருக்கும் வாரத்துக்கு. புயல் நேராக உங்கள் ரிசார்ட்டின் மேலேயே வர வேண்டும் என்பதில்லை. சில நூறு மைல் தள்ளிப் போனாலே கடல் கொந்தளிக்கும், கடலில் இறங்கக் கூடாது என்று கரையில் சிவப்புக் கொடி ஏற்றிவிடுவார்கள், விமானங்கள் ரத்தாகும். ஐந்து இரவில் இரண்டு நாள் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தால், மிச்சம் பிடித்த பணம் எதற்கு? உச்சத்தைத் தவிர்த்துவிட்டால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2024-இல் பெரில் புயல் ஜூலை தொடக்கத்திலேயே கரீபியன் தீவுகளை அடித்தது. 2025-இல் மெலிசா அக்டோபர் 28 அன்று ஜமைக்காவின் தென்மேற்குக் கரையில் ஐந்தாம் வகைப் புயலாக ஏறியது. டிசம்பர் தொடக்கத்தில் இந்தக் கவலை ஓய்ந்திருக்கும், கிறிஸ்துமஸ் கூட்டமும் வந்திருக்காது. விலை செப்டம்பர் அளவுக்கு இறங்காது, ஆனால் ஜனவரி, பிப்ரவரியை விடப் பொதுவாகக் குறைவு.

செப்டம்பரில்தான் லீவு கிடைக்கும் என்றால் அரூபா அல்லது குராசாவ் பாருங்கள். இரண்டும் தெற்கே, வெனிசுவேலா கரையை ஒட்டிய தீவுகள். புயல் அந்தப் பக்கம் போவது அபூர்வம். ஆல்-இன்க்ளூசிவ் ரிசார்ட்டுகள் அங்கே குறைவு. அரூபாவில் வருஷம் முழுக்கக் காற்று பலமாக வீசும், அதற்குத் தயாராகப் போக வேண்டும்.

எந்த மாதமானாலும் பயணக் காப்பீட்டைப் புக் செய்த கையோடு எடுத்துவிடுங்கள். ஒரு புயலுக்குப் பெயர் வைத்துவிட்ட பிறகு காப்பீடு வாங்கினால், அந்தப் புயலால் வரும் நஷ்டத்துக்குப் பணம் வராது. செய்தியில் புயல் வந்த பிறகு ஓடிப்போய் வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, ரிசார்ட்டுக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கும் முன், அதன் கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். விளம்பரப் படங்களில் எல்லாக் கரையும் ஒரே நீலமாகத்தான் இருக்கும். 2011-லிருந்து சர்காசம் என்ற பழுப்பு நிறக் கடற்பாசி அட்லாண்டிக்கிலிருந்து பெரும் திட்டுகளாக மிதந்து வந்து கரீபியன் கரைகளில் ஒதுங்குகிறது. பெரும்பாலும் வசந்த காலத்திலும் கோடையிலும். கிழக்கு பார்த்த கரைகள்தான் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. புன்டா கானா அப்படிப்பட்ட கரை, மெக்சிகோவில் பிளாயா டெல் கார்மென், துலும் பகுதிகளும் அப்படியே. மோசமான நாட்களில் மணலில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்துவிடும். விடிவதற்குள் டிராக்டர் வைத்து அள்ளுவார்கள், மதியத்துக்குள் திரும்ப வந்து சேர்ந்துவிடும். அழுகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும், அழுகிய முட்டை நாற்றம். வெள்ளியைக் கறுக்க வைக்கும் வாயு அது. கொலுசும் மெட்டியும் போட்டிருந்தால் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். செப்டம்பர் வேண்டாம் என்பதற்கு இது இரண்டாவது காரணம். டிசம்பரில் இந்தத் தொல்லை பொதுவாக அடங்கியிருக்கும்.

நீச்சல் தெரியாதவர்களுக்குத் திசை இன்னொரு விதத்திலும் முக்கியம். புன்டா கானா என்று விற்கப்படும் கரை மிக நீளமானது, எல்லா இடத்திலும் கடல் ஒரே மாதிரி இல்லை. பவாரோ பகுதியில் பவளப்பாறைத் திட்டு அலையைத் தடுப்பதால் தண்ணீர் ஓரளவு அமைதியாக இருக்கும். வடக்கே மகாவ், உவேரோ ஆல்டோ பக்கம் போனால் திறந்த அட்லாண்டிக்: பெரிய அலை, உள்ளே இழுக்கும் நீரோட்டம். விலை சற்றுக் குறைவு என்று அங்கே புக் செய்துவிட்டு, ஐந்து நாளும் நீச்சல் குளத்தோடு திரும்புகிறவர்கள் உண்டு.

உங்கள் இருவருக்கும் நான் சொல்லும் இடம் பயாஹிபே. அதே நாடுதான், ஆனால் தென்கிழக்கில் கரீபியன் கடலைப் பார்த்த கரை. புன்டா கானா விமான நிலையத்திலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். நெவார்க்கிலிருந்து புன்டா கானாவுக்கு நேரடி விமானம் நான்கு மணி நேரம் போல ஆகும், அதனால் காலையில் கிளம்பினால் மாலை வெயில் தாழும்போது மணலில் நிற்கலாம். தண்ணீர் தெளிவு, அலை குறைவு, சர்காசமும் கிழக்குக் கரை அளவுக்கு வராது. சவோனா தீவுக்குப் படகு கிளம்புவதும் இங்கிருந்துதான். போகும் வழியில் நடுக்கடலில் இடுப்பளவு ஆழமே உள்ள மணல் திட்டில் படகை நிறுத்துவார்கள், கீழே நட்சத்திர மீன்கள் கிடக்கும். போட்டோவுக்காக அவற்றைத் தண்ணீரிலிருந்து தூக்க வேண்டாம், வெளியே எடுத்தால் செத்துப்போகும். படகில் ஏறியதும் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், தருகிறார்களா என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் மனைவி தாலியைக் கழற்ற விரும்பமாட்டார் என்றால், கனமான தங்கச் சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிட்டு இந்த ஐந்து நாளைக்கு மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்ளட்டும். லைஃப் ஜாக்கெட் பட்டையிலும் முகக்கண்ணாடி வாரிலும் சங்கிலி சிக்கி அறுந்தால், கடலில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, 'எல்லாம் அடக்கம்' உங்களுக்கு லாபமா? கணக்குப் பார்த்தால் முழு லாபம் இல்லை. நீங்கள் கட்டும் தொகையில் மதுவுக்கும் கடல் உணவுக்கும் கணிசமான பங்கு போகிறது. இரண்டையும் நீங்கள் அதிகம் தொடப்போவதில்லை. ஆனாலும் தேனிலவுக்கு இதில் ஒரு நிம்மதி இருக்கிறது. மொழி தெரியாத ஊரில் மூன்று வேளையும் சைவ ஓட்டல் தேடி அலைய வேண்டியதில்லை, பில் வரும்போது மனம் கணக்குப் போடாது. ஊர் சுற்றுவது, உள்ளூர்ச் சந்தை, மலை ஏறுவது என்று ஆசை இருந்தால் இந்த ஏற்பாடு வேண்டாம். காசு கட்டிய சாப்பாட்டை விட்டுவிட்டு வெளியே போக மனம் வராது. கல்யாண அலைச்சலுக்குப் பிறகு ஓய்வுதான் வேண்டும் என்றால் தைரியமாக எடுங்கள்.

எதெல்லாம் அடங்காது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஸ்பா, கடற்கரையில் இருவருக்கு மட்டும் மேஜை போட்டுத் தரும் டின்னர், மோட்டார் படகு விளையாட்டுகள், வெளிச் சுற்றுலா, போட்டோகிராஃபர் எல்லாம் பெரும்பாலும் தனிக் காசு. கயாக், ஸ்நார்க்கலிங் கருவி, மாலை நிகழ்ச்சிகள் பொதுவாக அடக்கம். அறை சுத்தம் செய்பவருக்கும் பரிமாறுபவருக்கும் கொடுக்க ஒரு டாலர் நோட்டுகள் கொஞ்சம் மாற்றி எடுத்துப் போங்கள், அங்கே சில்லறை சுலபத்தில் கிடைக்காது.

சாப்பாடுதான் உங்கள் மனைவிக்குப் பெரிய விஷயம். பஃபேயில் காய்கறி, பழம், சாதம், பாஸ்தா நிறைய இருக்கும், பட்டினி கிடக்க நேராது. சிக்கல் கண்ணுக்குத் தெரியாததில் இருக்கிறது. டொமினிகன் அவரை குழம்பில் சிக்கன் க்யூப் கரைத்திருப்பார்கள், மெக்சிகோவில் மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது வழக்கம், சூப்புக்கு அடிப்படையே இறைச்சிச் சாறுதான். ஸ்பானிஷில் 'சின் கார்னே' என்று மட்டும் சொன்னால் கோழியும் மீனும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ, சின் ஹுவேவோ, சின் கால்டோ' என்று இறைச்சி, கோழி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு ஐந்தையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இதை ஸ்பானிஷ் எழுத்திலேயே ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். போய்ச் சேர்ந்த அன்றே தலைமைச் சமையல்காரரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். நல்ல ரிசார்ட்டுகளில் அவரே பஃபேயைச் சுற்றிக் காட்டி எது ஆகும், எது ஆகாது என்று சொல்லிவிடுவார். காலையில் மங்கூ கேட்டுப் பாருங்கள். வேகவைத்து மசித்த வாழைக்காய், மேலே வதக்கிய வெங்காயம், நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். கூட வரும் முட்டையையும் சலாமி என்ற இறைச்சித் துண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இரண்டு ஊறுகாய்ப் பாக்கெட்டும் பருப்புப் பொடியும் பெட்டியில் இருந்தால், மூன்றாம் நாள் அவை உதவும்.

சைவம் என்பதே எல்லாவற்றையும் விட முக்கியம் என்றால் ஜமைக்காவையும் யோசியுங்கள். ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி சமயத்தாரின் 'ஐட்டல்' சமையல் இறைச்சியை ஒதுக்கியது, அதனால் சைவம் என்றால் அங்கே யாரும் விழிக்க மாட்டார்கள். 1845-இல் ஒரு கப்பல் இந்தியக் கூலித் தொழிலாளர்களை ஓல்டு ஹார்பர் பேயில் இறக்கியது. அதற்குப் பின் வந்தவர்களும் சேர்ந்து நிலைநாட்டிய ரொட்டியும் கறி மசாலாவும் இன்று ஜமைக்காவின் அன்றாடச் சாப்பாடு. ஆங்கிலம் பேசும் நாடு. நெக்ரிலின் செவன் மைல் பீச் மேற்கு பார்த்தது, அமைதியான தண்ணீர், கடலில் சூரியன் மறையும். கணவன் மனைவிக்கு மட்டும் என்ற ரிசார்ட் வகை பேர் வாங்கியதும் இந்த நாட்டில்தான்: 1978-இல் கப்பிள்ஸ், 1981-இல் மான்டெகோ பேயில் சாண்டல்ஸ். மெலிசா பாதித்த பகுதி தீவின் மேற்குப் பக்கம் என்பதால், நீங்கள் பார்க்கும் ரிசார்ட் முழுமையாகத் திறந்துவிட்டதா, உணவகங்கள் எல்லாம் இயங்குகின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள்.

அறை விஷயத்தில் ஒரே ஒரு கருத்து. பால்கனிக் கதவைத் திறந்தால் நேராகக் குளத்தில் இறங்கும் 'ஸ்விம்-அப்' அறைக்குக் கூடுதலாகக் கேட்பார்கள். எனக்கு அது பிடிக்காது. தரைத்தளம், எதிரே நீந்துகிறவர்கள் எல்லோரும் உங்கள் அறையைப் பார்ப்பார்கள், திரையை மூடியே வைக்க வேண்டியிருக்கும். அந்தக் காசுக்குக் கடல் பார்த்த மேல்மாடி அறை எடுங்கள். பெரியவர்களுக்கு மட்டும் என்று உள்ள ரிசார்ட்டாகப் பாருங்கள், தேனிலவு என்று முன்கூட்டியே மின்னஞ்சல் போடுங்கள். சில இடங்களில் திருமணச் சான்றிதழின் நகல் கேட்டு, அறை அலங்காரமோ கேக்கோ தருவார்கள். கேக் என்றால் முட்டை இல்லாமல் வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

செக்-இன் செய்யும்போது சிரித்த முகத்தோடு ஒருவர் வந்து, மறுநாள் ஒன்றரை மணி நேரம் காலை உணவுக்கு வந்தால் ஸ்பா கூப்பன் தருகிறோம் என்பார். அது ரிசார்ட் உறுப்பினர் திட்டம் விற்கும் கூட்டம். ஒன்றரை மணி நேரம் மூன்றாகும், ஒருவர் மாற்றி ஒருவர் வந்து விலையை இறக்குவார்கள், புதுமணத் தம்பதி என்றால் இன்னும் விடமாட்டார்கள். போகாமல் இருப்பதே நல்லது. தேனிலவு முடிந்து வருஷக் கணக்கில் கட்டும் கடன் உங்களுக்கு வேண்டாம்.

விசா. டொமினிகன் ரிபப்ளிக், மெக்சிகோ இரண்டும் செல்லுபடியாகும் அமெரிக்க விசா உள்ள இந்தியர்களைத் தனி விசா இல்லாமல் அனுமதிக்கின்றன. ஜமைக்காவுக்குச் சுற்றுலா போக இந்திய பாஸ்போர்ட்டே போதும். டொமினிகன் ரிபப்ளிக்குக்கு இ-டிக்கெட் என்ற இணையப் படிவம் நிரப்ப வேண்டும், அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் அரசுடையது அல்ல. உங்கள் கவனம் போகும்போது இருப்பதை விடத் திரும்பும்போது அதிகம் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள எச்-1பி, எச்-4 விசா முத்திரைகளின் தேதி பயணம் முடியும் நாளைத் தாண்டி இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை காலாவதியானவர்கள் கரீபியன் தீவுகளுக்குக் கிளம்பவே கூடாது, ஐ-797 என்ற அனுமதிக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு திரும்ப முடியாது. ஐ-797, சமீபத்திய சம்பளச் சீட்டு, திருமணச் சான்றிதழ் மூன்றையும் கைப்பையில் வையுங்கள். டிக்கெட்டில் மனைவியின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அங்கே அப்பா பெயர் சர்நேமாக இருந்தால் டிக்கெட்டிலும் அதுதான், உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டாம்.

குழந்தைத் திட்டம் உடனே இருந்தால், கிளம்பும் முன் மகப்பேறு மருத்துவரிடம், கொசுவால் பரவிக் கருவைப் பாதிக்கக்கூடிய ஜிக்கா வைரஸ் பற்றிக் கேளுங்கள். ஜிக்கா பரவும் பகுதிக்குப் போய் வந்தால் கருத்தரிப்பதற்கு முன் ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி. எப்படியும் கொசு விரட்டி மருந்து எடுத்துப் போங்கள், டெங்கு அங்கேயும் உண்டு.

திரும்பி வந்த மறுநாள், இருவருடைய புதிய ஐ-94 (அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்ற பதிவு) தேதியையும் இணையத்தில் எடுத்துப் பாருங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால், விசா எத்தனை வருஷம் இருந்தாலும் ஐ-94-ஐ பாஸ்போர்ட் முடியும் தேதியோடு நிறுத்திவிடுவார்கள். அப்படி இருந்தால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பதோடு விட்டுவிடாமல், உடனே உங்கள் நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.