எக்ஸ்எச்டிஎம்எல் 1.0-இல் டேபிள் வைத்துக் கட்டிய பழைய தளத்தை எச்டிஎம்எல்5-க்கு மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

டாக்டைப் வரியிலிருந்து, அதாவது பக்கம் எந்த வகை எச்டிஎம்எல் என்று பிரவுசருக்குச் சொல்லும் வரியிலிருந்து. முதல் சுற்றில் அதை மட்டும் மாற்றுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். டேக் மாற்றம், டேபிள் பிரிப்பு, போனுக்கு ஏற்ற வடிவம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தால், பக்கம் கலையும்போது எதனால் கலைந்தது என்று பிடிபடாது.

புதிய டாக்டைப்பில் இரண்டே சொற்கள்: டாக்டைப், எச்டிஎம்எல். பதிப்பு எண்ணோ முகவரியோ கிடையாது. அது பக்கத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும். பிஎச்பி எச்சரிக்கை ஒன்று அதற்கு முன்னால் அச்சாகிவிட்டால் கூட, பிரவுசர் குவர்க்ஸ் முறைக்குப் போய்விடும்; அதாவது தர விதிகளை (ஸ்டாண்டர்ட்ஸ்) விட்டு, மிகப் பழைய பிரவுசர்களைப் போலப் பக்கத்தைக் காட்டும். பிரவுசர் கன்சோலில் டாக்குமென்ட்டின் காம்பேட்மோடைக் கேட்டுப் பாருங்கள். பேக்காம்பேட் என்று வந்தால் குவர்க்ஸ். சிஎஸ்எஸ்1காம்பேட் என்று வந்தால் பிழைத்தீர்கள்.

உங்கள் பக்கங்களில் எக்ஸ்எச்டிஎம்எல் 1.0-இன் தளர்வான வகையான டிரான்சிஷனல் டாக்டைப் முழுதாக இருந்தால் அவை இப்போது ‘கிட்டத்தட்ட ஸ்டாண்டர்ட்ஸ்’ முறையில் ஓடுகின்றன. (கன்சோல் இதற்கும் சிஎஸ்எஸ்1காம்பேட் என்றே காட்டும்.) அங்கிருந்து முழு ஸ்டாண்டர்ட்ஸுக்குப் போகும்போது கண்ணில் படும் மாற்றம் பெரும்பாலும் ஒன்றுதான்: டேபிள் செல்லுக்குள் உள்ள படங்களுக்குக் கீழே சில பிக்சல் இடைவெளி வரும். படமும் ஓர் எழுத்தைப் போல அடிக்கோட்டின் மேல் உட்காருகிறது. எழுத்தின் வால் தொங்குவதற்கான இடம் அதற்குக் கீழே ஒதுக்கப்படுகிறது. அந்தப் படங்களுக்கு டிஸ்ப்ளே பிளாக் கொடுத்தால் சரியாகிவிடும்.

டாக்டைப்பே இல்லாத பக்கங்கள்தான் தொல்லை. குவர்க்ஸ் முறையில் டேபிள், எழுத்தளவை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளாது, ஸ்டாண்டர்ட்ஸில் வாங்கிக்கொள்ளும். பாடிக்கு 80%, செல்லுக்கு 80% என்று எழுதியிருந்தால் இதுவரை 80% ஆகத் தெரிந்த எழுத்து இனி 64% ஆகும். டேபிளுக்குள் டேபிள் என்றால் 51%. செல்லுக்கான விதியை நீக்கிவிடுங்கள். சிஎஸ்எஸ்ஸில் பிக்சல் என்று அலகு போடாத அகலம், ஹேஷ் குறி இல்லாத நிறக் குறியீடு, பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறிக் கிடக்கும் கிளாஸ் பெயர் ஆகியவையும் சத்தமில்லாமல் செயலிழக்கும்.

அடுத்து எழுத்துக் குறியாக்கம். குறியாக்கத்தை அறிவிக்கும் மெட்டா சார்செட் வரி ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும். யுடிஎஃப்-8 தவிர வேறு எதுவும் வேண்டாம். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்: அறிவிப்பை மாற்றிவிட்டு ஃபைலைப் பழைய குறியாக்கத்திலேயே விட்டால் எழுத்தெல்லாம் சிதையும். ஃபைலையும் மாற்றிச் சேமிக்க வேண்டும். சர்வர் அனுப்பும் ஹெடரில் வேறு குறியாக்கம் இருந்தால் மெட்டா வரியைவிட அதுதான் செல்லும் என்பதால், அதையும் பார்த்துவிடுங்கள்.

இறுதியில் சாய்கோடு போட்டு மூடிய டேக்குகளில் பிஆர், ஐஎம்ஜி போன்றவற்றால் தொல்லையில்லை. டிவ், ஸ்கிரிப்ட், பெயர் மட்டும் உள்ள ஏ டேக் ஆகியவற்றை அப்படி மூட முடியாது. சாய்கோட்டை பிரவுசர் பொருட்படுத்தாது. ஸ்கிரிப்ட் என்றால் அதன் பின்னால் வருவதையெல்லாம் விழுங்கிவிடும். ஏ டேக்கை எடுத்துவிட்டு, அந்தப் பெயரைத் தலைப்பின் ஐடியாகக் கொடுப்பது நல்லது.

ஃபான்ட், சென்டர் போன்றவை தரத்திலிருந்து நீக்கப்பட்டவை என்றாலும் பிரவுசர்கள் இன்னும் காட்டுகின்றன. அவசரமில்லை, பக்கத்தைத் திருத்தும்போது போகிற போக்கில் சிஎஸ்எஸ்ஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆப்லெட்டும் ஃபிளாஷும் வேறு கதை. அவை இப்போது வெற்றுப் பெட்டிகள்தான், இன்றே எடுத்துவிடலாம்.

ஹெடர், நேவ், மெயின், ஃபுட்டர் டேக்குகள் இதற்கெல்லாம் பிறகு. டிவ்வை ஹெடராக மாற்றும் முன் ஸ்டைல் ஃபைலில் டிவ் என்ற சொல்லைத் தேடுங்கள்: டேக் பெயரோடு ஐடியைச் சேர்த்து எழுதிய விதிகள் அத்தனையும் அறுந்துபோகும். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் மெயின் ஒன்றே இருக்கலாம். ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் எச்1 (முதன்மைத் தலைப்பு) போடலாம் என்ற பழைய ஆலோசனையை நம்பாதீர்கள். அதற்கு ஆதாரமாக இருந்த பகுதியே 2022-இல் தரத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

படிவங்களில் தேதிக்கு டேட் வகை போட்டால் திரையில் எப்படித் தெரிந்தாலும் சர்வருக்குப் போவது ஆண்டு-மாதம்-நாள் வரிசை. நாளை முதலில் எதிர்பார்க்கும் பழைய நிரல் அங்கே இடறும். தொலைபேசி எண்ணுக்கு நம்பர் வகை வேண்டாம், டெல் வகையே சரி.

ஒவ்வொரு கட்டத்திலும் பிழைகளைப் பட்டியலிடும் கருவியான நு எச்டிஎம்எல் செக்கரில் ஓட்டிப் பாருங்கள். மேலிருந்து கீழாகத் திருத்துங்கள். மூடாத ஒரு டேக்கே இருபது பிழையாகக் காட்டும். முதலாவதைச் சரிசெய்ததும் மறுபடி ஓட்டினால் பாதி காணாமல் போயிருக்கும்.

பக்கத்தின் அகலத்தைப் போன் திரைக்கேற்ப வைக்கச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரி கடைசியில். அது இல்லாதவரை போன் பக்கத்தைச் சுமார் 980 பிக்சல் அகலமாக எண்ணிச் சுருக்கிக் காட்டும்; எழுத்து சிறிதானாலும் பக்கம் முழுதாகத் தெரியும். நிலையான அகலமுள்ள டேபிளை வைத்துக்கொண்டு இதைச் சேர்த்தால் பக்கவாட்டில் இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். டேபிள் அமைப்பைக் கழற்றிய பக்கத்தில் மட்டும் சேருங்கள்.